பிறந்த தோட்டத்தைப் பார்க்க ஒரு பயணம்: மூத்தோர் சுற்றுலாவுக்கு நெகிரி செம்பிலானில் வழி உண்டு

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் வழங்கிய உரையின் எழுத்து வடிவம்)



மூத்தவர்களுக்கான பண்பாட்டுச் சுற்றுலாவை எப்படி வளர்ப்பது என்பதுதான் இன்று நம் அரங்கின் தலைப்பு. இதைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் காசி யாத்திரையும் ஆறுபடை வீட்டுப் பயணமும்தான் நினைவுக்கு வரும். அவற்றை ஏற்பாடு செய்யப் பயண முகவர்கள் நிறையவே இருக்கிறார்கள். நான் பேச வந்தது அவ்வளவு தூரப் பயணத்தைப் பற்றி அல்ல. கோலாலம்பூரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய நெகிரி செம்பிலான் தோட்டங்களைப் பற்றித்தான்.

போன ஆண்டு என் பாட்டியை அவர் பிறந்த தோட்டத்திற்கு அழைத்துச் சென்றேன். ரந்தாவ் பக்கத்தில் உள்ள தோட்டம் அது. பாட்டிக்கு வயது 82. கிள்ளானுக்குக் குடிபெயர்ந்து 40 ஆண்டுகள் ஆகிவிட்டன. "ஒரு தடவை தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போ கண்ணு" என்று அவர் கேட்காத தீபாவளி இல்லை.

போய்ப் பார்த்தால், லயங்கள் ஒன்றும் இல்லை. பால்மரங்களும் இல்லை. எங்கும் செம்பனை. கோயில் மட்டும் இருந்தது. பாட்டி கோயில் படியில் நின்று திசை பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "அங்கதான் பெரட்டுக் களம். அதுக்குப் பின்னால ஸ்டோரு. நம்ம வீடு மூனாவது லயத்துல கடைசி" என்றார். என் கண்ணுக்கு வெறும் செம்பனைக் காடாகத் தெரிந்த இடத்தில், அவர் ஓர் ஊரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் ஆனது. பாட்டிக்குக் கழிப்பறைக்குப் போகவேண்டும். அங்கிருந்த ஒரே கழிப்பறை பூட்டிக் கிடந்தது. திறந்திருந்தாலும் குந்தி உட்காரும் வகை. அவர் முழங்காலுக்கு ஆகாது. பட்டணத்திலுள்ள பெட்ரோல் நிலையத்திற்குக் காரை விரட்டினேன். திரும்பி வரும்போது பாட்டி சோர்ந்துபோய், "போதும்பா, வீட்டுக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டார். அவர் பார்க்க ஆசைப்பட்ட தமிழ்ப்பள்ளியும் ஆற்றங்கரையும் அப்படியே நின்றுவிட்டன.

நாற்பது ஆண்டுகள் காத்திருந்த பயணம், ஒரு கழிப்பறை இல்லாத காரணத்தால் அரை மணி நேரத்தில் முடிந்தது. மூத்தோர் சுற்றுலா என்று நாம் பேசும்போது, பேச்சு இங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது என் எண்ணம்.

பயணியும் அவரே, வழிகாட்டியும் அவரே

பண்பாட்டுச் சுற்றுலா என்றால் என்ன? ஓர் இடத்தில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், என்ன உண்டார்கள், எதைக் கும்பிட்டார்கள், எப்படி உழைத்தார்கள் என்பதை அறிவதற்காகப் போகும் பயணம் அது. அங்கே இடத்தைக் காட்டிச் சொல்ல ஒருவர் வேண்டும்.

மற்ற சுற்றுலாத் தலங்களில் பயணி வேறு, வழிகாட்டி வேறு. நம் தோட்டங்களில் நிலைமை அப்படி அல்ல. கட்டடங்கள் போய்விட்டன. தோட்டம் எப்படி இருந்தது என்பதை அறிந்தவர்கள் அங்கே பிறந்து வளர்ந்த மூத்தவர்கள் மட்டுமே. பார்க்க விரும்புகிறவர்களும் அவர்களே, விளக்கிச் சொல்லக்கூடியவர்களும் அவர்களே. ஆகவே அவர்களால் நடக்க முடியாமல் போனால், நமக்கு ஒரு பயணியும் இல்லை, ஒரு வழிகாட்டியும் இல்லை.

நம் நாட்டில் 2030ஆம் ஆண்டுவாக்கில் 60 வயதைத் தாண்டியவர்கள் மக்கள் தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை எட்டுவார்கள் என்று கணிக்கப்படுகிறது. வெளிநாட்டு மூத்தவர்களை அழைப்பதில் மலேசியா முன்பே முனைப்புக் காட்டியது. 1996ஆம் ஆண்டில் 'சில்வர் ஹேர்' திட்டம் என்ற பெயரில் தொடங்கி, 2002ஆம் ஆண்டில் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்று பெயர் மாறிய திட்டம் அதற்குச் சான்று. 2026ஆம் ஆண்டும் மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டாக அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டு மூத்தவரை வரவேற்கத் தெரிந்த நாட்டில், உள்நாட்டு மூத்தவர் தாம் பிறந்த தோட்டத்தைப் பார்த்துவர ஒரு நாற்காலி போட்டுக்கொடுப்பது பெரிய காரியம் அல்லவே!

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

"செம்பனைக் காட்டில் போய் என்ன பார்ப்பது?" என்று சிலர் கேட்கலாம். ஞாயமான கேள்விதான்.

நெகிரி செம்பிலானில் ரப்பருக்கு முன்பே தோட்டங்கள் இருந்தன. சுங்கை ஊஜோங் என்று அழைக்கப்பட்ட சிரம்பான் வட்டாரத்தில் 1880ஆம் ஆண்டுகளில் இலங்கையிலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரைமார்கள் காப்பி பயிரிட்டார்கள். 1891ஆம் ஆண்டில் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் ரயில்பாதை திறக்கப்பட்டது. 1890ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் காப்பி விலை சரிந்தது. அதன் பிறகு வந்ததுதான் கித்தா. 1910ஆம் ஆண்டையொட்டி ரப்பர் விலை உச்சத்திற்குப் போனபோது காடுகள் அழிந்து தோட்டங்கள் பெருகின.

தோட்டம் பெருகியதும் ஆள் தேவைப்பட்டது. 1907ஆம் ஆண்டில் குடியேற்ற நிதி ஒன்று அமைக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய பணத்தில் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்களுக்குக் கப்பல் பயணம் கிடைத்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதற்குத் தடை விதித்தது. அடுத்து வந்தது ஜப்பானியர் காலம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண ரயில்பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதவர்கள் ஏராளம்.

போருக்குப் பின் எழுந்த தொழிற்சங்க வரலாற்றிலும் இந்த மாநிலத்திற்குப் பங்கு உண்டு. பி.பி. நாராயணன் நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கியவர். 1954ஆம் ஆண்டில் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்தியவரும் அவரே.

இந்த வரலாற்றின் அடையாளங்கள் இன்னும் கொஞ்சம் எஞ்சியிருக்கின்றன. ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பகாவ், கிம்மாஸ் வட்டாரங்களில் தோட்டக் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. நம் பள்ளிகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால், நிலம் வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. நீலாய், செனவாங், சிரம்பான் 2, ஸ்ரீ செண்டாயான் என்று புது நகரங்கள் எழுந்திருக்கின்றன. நேற்றுவரை தோட்டமாக இருந்த இடத்தில் இன்று வட்டச் சாலையும் பேரங்காடியும் நிற்கின்றன.

'ஹோம்ஸ்டே' ஏன் பொருந்தவில்லை?

நெகிரி செம்பிலானில் பண்பாட்டுச் சுற்றுலா புதிதல்ல. 1995ஆம் ஆண்டில் பகாங், தெமர்லோவில் தொடங்கிய 'ஹோம்ஸ்டே' திட்டம் இங்கும் நன்றாகவே வேரூன்றியது. லாபு பக்கம் பெலெகோங், பத்து கிக்கிர் பக்கம் லோனெக் ஆகிய கிராமங்களில் வெளிநாட்டவர்கள் வந்து மலாய்க் குடும்பங்களோடு தங்குகிறார்கள். வரவேற்பவர்களில் வயதான தாய்மார்களும் இருக்கிறார்கள்.

"நாமும் அப்படிச் செய்யலாமே" என்று நம் அரங்கில் ஒருவர் கேட்டார். ஆசை நல்லதுதான். ஆனால், ஒரு வேறுபாட்டை நாம் பார்க்கவேண்டும். கிராமத்து அம்மாவுக்கு வீடு சொந்தம். அதிலும் இந்த மாநிலத்தின் அடாட் பெர்பாத்தே மரபில் பூர்வீக நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆகவே, விருந்தினரை வரவேற்க அவருக்கு ஒரு வாசல் இருக்கிறது. தோட்டத்துப் பாட்டிக்கு வீடு கம்பெனியினுடையது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்யவேண்டும் என்பதே தோட்டத்து வழக்கமாக இருந்தது. நூறாண்டுகள் உழைத்த சமூகத்திற்கு விருந்தினரை அழைக்க ஒரு திண்ணைகூட மிஞ்சவில்லை.

அப்படியானால் நமக்கு எஞ்சியிருக்கும் வாசல் எது? கோயில் மண்டபமும் தமிழ்ப்பள்ளி வகுப்பறையும்தான்.

உண்மையில் இந்தச் சுற்றுலா பெயரில்லாமல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. தோட்டக் கோயிலில் ஆண்டுத் திருவிழா என்றால், கிள்ளான், பூச்சோங், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று எங்கெங்கோ போனவர்கள் காரிலும் பேருந்திலும் திரும்பி வருகிறார்கள். அன்னதானத்தில் உட்காரும்போது பழைய லயத்து அண்டை வீட்டார் பக்கத்துப் பந்தியில் இருப்பார். இதைவிடச் சிறந்த அடித்தளம் எந்தச் சுற்றுலாத் திட்டத்திற்குக் கிடைக்கும்? குறை ஒன்றுதான். கூட்டமும் வெயிலும் மேளச் சத்தமும் நிறைந்த அந்த ஒரு நாளில், வயதானவர்களால் நிதானமாக எதையும் பார்க்கவோ பேசவோ முடிவதில்லை.

பிற நாடுகள் சொல்லும் பாடம்

அமெரிக்காவின் நியூ ஹேம்ப்ஷியர் மாநிலத்தில் 1975ஆம் ஆண்டில் 'எல்டர்ஹாஸ்டல்' என்ற திட்டம் தொடங்கியது. கோடை விடுமுறையில் காலியாகக் கிடந்த கல்லூரி விடுதிகளில் மூத்தவர்களைக் குறைந்த கட்டணத்தில் தங்கவைத்து வகுப்புகள் நடத்தினார்கள். முதல் கோடையில் வந்தவர்கள் சுமார் 220 பேர். பின்னாளில் அது உலகம் முழுவதும் பயணங்களை நடத்தும் பெரிய அமைப்பாக வளர்ந்து, 2010ஆம் ஆண்டில் 'ரோட் ஸ்காலர்' என்று பெயர் மாறியது. புதிதாக எதையும் கட்டாமல், காலியாக இருந்த இடத்தையே பயன்படுத்தியது அவர்களின் சாமர்த்தியம். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும் காலியாகத்தானே இருக்கின்றன?

அடுத்து இலங்கையைப் பார்ப்போம். ஹட்டன், பொகவந்தலாவை பக்கத்தில் பழைய துரைமார் பங்களாக்கள் 2005ஆம் ஆண்டு முதல் ஆடம்பர விடுதிகளாக நடக்கின்றன. கண்டிக்கு அருகே ஹந்தானையில் 2001ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேயிலை அரும்பொருளகத்தில் பழைய இயந்திரங்கள் இருக்கின்றன. இரண்டிலும் கொழுந்து பறித்த கைகளின் கதை குறைவு. அந்தக் குறையைப் போக்க, கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளர்களுக்கென ஓர் அரும்பொருளகம் 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சி அது. தொழிலாளர்கள் புழங்கிய பொருள்களும் கருவிகளும் அங்கே காட்சிக்கு உள்ளன.

நாமும் இந்தக் கேள்வியை இப்போதே கேட்டுக்கொள்ளவேண்டும். தோட்டச் சுற்றுலா என்றால் துரை பங்களாவில் தேநீர் குடிப்பதா, பெரட்டுக் களத்தில் நின்று பாட்டியின் கதையைக் கேட்பதா?

"கஷ்டத்தைக் காட்சிப் பொருளாக்கலாமா?"

நம் அரங்கில் ஓர் ஐயா சற்றுக் கோபமாகவே இதைக் கேட்டார். விடியற்காலை இருட்டில் எழுந்து, உளியும் வாளியும் சுமந்து, கொசுக்கடியில் மரம் வெட்டியவர் அவர். அந்த இடத்தை இனி திரும்பிப் பார்க்கவே விருப்பம் இல்லை என்றார். அவர் உணர்வை நாம் மதிக்கவேண்டும். விருப்பம் இல்லாதவரை வற்புறுத்தி அழைத்துப் போவது சுற்றுலா ஆகாது.

ஆனால், இன்னொரு பக்கமும் உண்டு. மொரீஷியஸ் தீவில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய 'ஆப்ரவாசி காட்' என்னும் இடத்தை 2006ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அங்கே மாளிகை எதுவும் இல்லை. எஞ்சியிருப்பவை கற்படிகளும் பழைய சுவர்களும்தான். தங்கள் முன்னோர் பட்ட பாட்டை அந்த மக்கள் மறைக்கவில்லை. மதிப்போடு எடுத்து வைத்தார்கள். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவு செய்யும் உரிமை மூத்தவரிடமே இருந்தால், அங்கே காட்சிப் பொருள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு நாள் பயணம்: எப்படி அமைப்பது?

நாள் ஒன்று, ஆள் இருபது என்று சிறியதாகத் தொடங்கலாம். இருபதுக்கு மேல் போனால் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாது.

கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் கொமுட்டர் ரயிலில் சிரம்பான் வந்துவிடலாம். மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. அங்கிருந்து சிற்றுந்து. ஏறும் படி உயரமாக இருக்கும் என்பதால் ஒரு சிறு முக்காலியைக் கையோடு வைத்திருக்கவேண்டும்.

தோட்டத்திற்குப் போவது காலை ஒன்பது மணிக்குள் இருக்கட்டும். பதினொன்றுக்கு மேல் வெயில் தாங்காது. கோயிலில் ஒரு மணி நேரம். பிறகு பள்ளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச்சு. இந்தப் பேச்சுதான் பயணத்தின் உயிர். பழைய படங்களை எல்லாரும் கொண்டுவரலாம். தோட்டத்தின் வரைபடம் ஒன்றை வெள்ளைத்தாளில் வரைந்து, ஆயாக்கொட்டகை எங்கே, புகைக்கூடம் எங்கே, கள்ளுக்கடை எங்கே என்று அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பதிவு செய்யட்டும்.

மதியச் சாப்பாட்டை அந்த வட்டாரத்துப் பெண்களே சமைக்கட்டும். இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் குறைத்த பதார்த்தங்கள் வேண்டும். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் ஓய்வு. மாலையில் போர்ட்டிக்சன் கடற்கரை. தோட்டத்து லாரியில் ஏறி அங்கே போன நாள்கள் பலருக்கு நினைவிருக்கும். கடற்கரை வேண்டாம் என்பவர்கள் ஸ்ரீ மெனாந்தி போகலாம். 1902 முதல் 1908 வரை, இரும்பு ஆணி இல்லாமல் 99 தூண்களோடு கட்டப்பட்ட பழைய அரண்மனை அங்கே இருக்கிறது. மாடிப்படி ஏறவேண்டியதில்லை. நிழலில் உட்கார்ந்து வெளியிலிருந்து பார்த்தாலும் நிறைவுதான்.

கழிப்பறைக்கு வருவோம். ஒன்றரை மணி நேரத்திற்கு ஒரு முறை உட்காரும் வகைக் கழிப்பறை கிடைக்குமாறு வழியைத் திட்டமிடவேண்டும். கோயிலில் ஒன்றே ஒன்று கட்டி, சுவரில் கைப்பிடி வைத்து, சாவியை அருகில் உள்ளவரிடம் கொடுத்துவைத்தால் போதும். வண்ண வளைவு எழுப்புவதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்று ஆலய நிர்வாகத்தினரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

சட்டமும் பணமும்

இங்கே மூன்று செய்திகளைச் சொல்லியாகவேண்டும்.

முதலாவது, அனுமதி. தோட்டம் தனியார் நிலம். தோட்ட அலுவலகத்திற்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, எந்தப் பாதையில் போவோம், எத்தனை பேர் என்று தெரிவிக்கவேண்டும். இப்போது அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் தாத்தாக்கள் வந்ததைப் போலவே வந்தவர்கள். அவர்கள் குடியிருப்புக்குள் நுழைந்து படம் எடுக்காமல் இருப்பது நாகரிகம்.

இரண்டாவது, உரிமம். குடும்பமாகப் போய்வருவது வேறு. கட்டணம் வாங்கிச் சுற்றுலா நடத்துவது வேறு. 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி அதற்கு உரிமம் தேவை. வழிகாட்டிகளுக்கும் உரிமம் உண்டு. ஆகவே கோயில் நிர்வாகம் தனியாக இறங்காமல், உரிமம் பெற்ற பயண நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து செய்வதே பாதுகாப்பு. பள்ளியைப் பயன்படுத்தத் தலைமையாசிரியரின் வழியாக முறைப்படி அனுமதி பெறவேண்டும்.

மூன்றாவது, வருமானம். பேருந்துச் செலவு போக மிஞ்சும் பணம் யாருக்குப் போகிறது? சமைத்த பெண்களுக்கும், கோயில் பராமரிப்புக்கும், பள்ளிக்கும் ஒரு பங்கு என்று முன்பே எழுதிவைக்கவேண்டும். கதை சொல்லும் மூத்தவருக்கும் ஒரு தொகை கொடுக்கவேண்டும். பொன்னாடை போர்த்திக் கைதட்டினால் மட்டும் போதாது. அவர் தருவது அறிவு. அறிவுக்கு ஊதியம் உண்டு.

காலம் காத்திருக்காது

அன்பர்களே, கட்டடம் என்றால் ஐந்தாண்டு கழித்தும் பழுதுபார்க்கலாம். எண்பது வயதுக்காரரின் நினைவை அப்படிக் காத்திருக்கச் சொல்ல முடியாது. லயம் போய்விட்டது, பால்மரம் போய்விட்டது. மூன்றாவது லயத்தின் கடைசி வீடு எங்கே இருந்தது என்று கைநீட்டிக் காட்டக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் போனபின் நாம் எவ்வளவு செலவு செய்து சுற்றுலா மையம் அமைத்தாலும், அங்கே காட்டுவதற்குச் செம்பனைதான் இருக்கும்.

இந்த வாரம் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் உள்ள மூத்தவரிடம் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம், கங்காணியின் பெயர், பள்ளி, கோயில் என்று கேட்டு எழுதி வையுங்கள். பிறகு அந்தக் கோயில் நிர்வாகத்தைத் தொடர்புகொண்டு, "கழிப்பறை எப்படி இருக்கிறது? நிழலில் உட்கார இடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். பயணத் திட்டத்தின் முதல் பக்கம் அதுதான்.

என் பாட்டியை மீண்டும் அழைத்துப்போகத் தோட்டக் கோயில் பொறுப்பாளரிடம் பேசிவிட்டேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொண்டேன். மடக்கு நாற்காலி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த முறை பள்ளியையும் ஆற்றங்கரையையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவோம்.